சொல்லாமல் கொள்ளாமல் சாஃப்ட்வேர் மாறுகிறது, ஸ்டாக் கணக்கு உதைக்கிறது – உதவி தேவை

கடலூர்_ஃபார்மா:
வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரத்தில் சிஸ்டம் எல்லாம் என் பொறுப்பு. பில்லிங் சாஃப்ட்வேர் வெளியில் வாங்கியது, எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் ஓடுகிறது. திங்கட்கிழமையிலிருந்து 10+1 ஸ்கீம் பில்லில் அந்த ஒரு ஃப்ரீ ஸ்ட்ரிப் ஸ்டாக்கில் கழியவில்லை. ரேக்கில் எண்ணினால் ஒன்று, திரையில் வேறொன்று. சாஃப்ட்வேர்காரர் "நாங்க எதையும் தொடலை சார்" என்கிறார். ஆனால் சனிக்கிழமை எங்கள் அக்கவுண்ட்ஸில் ஒருவர் டிஸ்கவுண்ட் விஷயமாக அவருக்கு போன் செய்திருக்கிறார். என்ன மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு) தாக்கல் வேறு இருக்கிறது.

டிபிஏ_புதுவை:
முதல்ல சர்வரை ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. மாற்றங்களை சர்வரே குறித்துவைக்கும் டிஃபால்ட் ட்ரேஸ் 20 எம்பி வீதம் 5 ஃபைல்தான் வைத்திருக்கும்; ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் புது ஃபைல் திறந்து பழசு ஒன்று போய்விடும். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் டேட்டாபேஸ் மேல் ரைட் கிளிக், ரிப்போர்ட்ஸ், ஸ்டாண்டர்ட் ரிப்போர்ட்ஸ், ஸ்கீமா சேஞ்சஸ் ஹிஸ்டரி. அந்த ட்ரேஸிலிருந்து எது, எப்போது, எந்த லாகினில் மாறியது என்று வரும். பழைய கோடு அதில் இருக்காது. வெள்ளிக்கிழமை பேக்கப்பை வேறு பெயரில் ரீஸ்டோர் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடலூர்_ஃபார்மா:
கிடைத்துவிட்டது சார்! சனிக்கிழமை மாலை, அவர்கள் லாகினில், பில் சேவ் ஆகும் புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள் இருக்கும் கோடு) மாறியிருக்கிறது. டிஸ்கவுண்ட் வரி புதிதாகச் சேர்ந்த இடத்தில் ஃப்ரீ அளவைக் கூட்டும் வரி காணோம். பழையதை இப்போதே போட்டுவிடலாமா?

டிபிஏ_புதுவை:
லைவில் நேராகப் போடாதீங்க. நீங்க செய்யப்போறதும் ஒரு மாற்றம்தான். ரீஸ்டோர் பண்ணின காப்பியில் இரண்டு வரியும் இருக்கிற மாதிரி சாஃப்ட்வேர்காரரையே திருத்தித் தரச்சொல்லி, ஸ்கீம் பில் ஒன்று, சாதா பில் ஒன்று, ரிட்டர்ன் ஒன்று போட்டுப் பாருங்க. ரிட்டர்னை எல்லாரும் மறந்துடுவாங்க. கவுண்டர் மூடினதும் காப்பி-ஒன்லி பேக்கப் எடுத்துட்டு லைவுக்குப் போங்க; அது உங்கள் டிஃபரென்ஷியல் (மாறியதை மட்டும் எடுக்கும்) பேக்கப் வரிசையைக் கலைக்காது. திங்கள் முதல் போட்ட பில்களின் ஸ்டாக் தானாகச் சரியாகாது, தனி அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி வேணும்.

சிப்காட்_ஐடி:
தம்பி, இது திரும்ப வராமல் இருக்க வழி சொல்கிறேன். அவர்களுடைய லாகினில் சிஸ்அட்மின் உரிமையை (சர்வரில் எதையும் மாற்றும் முழு உரிமை) எடுத்துவிடுங்கள். வேலை இருக்கும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் மூடுங்கள். ரிமோட் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பிறகு ஒரு எக்செல் ஷீட் போதும்: யார் கேட்டார்கள், ஏன், யார் சம்மதித்தார்கள், எங்கே சோதித்தோம், கெட்டால் எப்படித் திரும்புவோம். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் வேலையைத் தொடவிடாதீர்கள். 1 முதல் 11 வரை எந்த மாற்றமும் வேண்டாம்.

மாற்றம் எல்லா மெஷினுக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பாருங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டல் நிறுவனத்தில் 8 சர்வரில் ஒன்றுக்குப் புது கோடு போகவில்லை. முக்கால் மணி நேரத்தில் சுமார் 44 கோடி டாலர் நஷ்டம்.

கடலூர்_ஃபார்மா:
முதலாளி "அவசரம், இப்பவே போடு" என்றால்?

சிப்காட்_ஐடி:
போடுங்கள். ஐடிஐஎல் என்ற ஐடி நிர்வாக முறையிலேயே அவசர மாற்றத்துக்குத் தனி வழி உண்டு. வாட்ஸ்அப்பில் அவர் சம்மதத்தை ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள், பேக்கப் எடுங்கள், மறுநாள் காலை ஷீட்டில் ஏற்றிவிடுங்கள். அக்கவுண்ட்ஸ்காரர் நேரடியாகப் போன் போடுவதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும்போது, "உங்கள் ஷீட் நம்பர் இல்லாமல் கைவைக்க மாட்டோம்" என்று அவர்களிடம் எழுதி வாங்குங்கள்.