அரூபாவில தாண்ட கப்பலை மாஸ்க் போட்டு மேல மிதந்து பாக்க எந்த ரூர்? கண்டவை சொல்லுங்கோ

சுழியோடி:
கரீபியனில டச்சுக்காரரின்ர அரூபாத் தீவில தாண்டு கிடக்கிற ஜேர்மன் சரக்குக் கப்பல் அன்ரிலாவைப் பற்றித்தான். குரூஸ் கப்பல் தீவின்ர தலைநகர் ஒறன்ஜெஸ்ராட்டில நிக்கிற ஒரு பகலுக்குள்ள பாத்திட்டு ஓடி வாற எல்லாரும் படத்தைப் பாத்துத்தான் ரிக்கெற் எடுக்கினம். அந்தப் படம் சிலிண்டர் கட்டி அடிக்கு இறங்கினவன் எடுத்தது. மேல குப்புற மிதக்கிற ஆளுக்கு அப்பிடித் தெரியாது. கப்பல் கிட்டத்தட்ட 120 மீற்றர் நீளம், இடப்பக்கம் சரிஞ்சு 18 மீற்றர் தண்ணியில கிடக்குது. 1940 மே 10, ஜேர்மனி நெதர்லாந்துக்குள்ள பூந்த அண்டைக்கு, டச்சுக்காரரின்ர கையில போகக்கூடாதெண்டு மாலுமிகளே தாட்டது. அடியைத் தேடாதேங்கோ. நீலத்துக்குள்ளயிருந்து ஒரு பக்கச் சுவர் முகத்துக்கு நேர எழும்பி வரும், அதில கிளிமீன் கொறிக்கிற கறுக் கறுக் சத்தம் காதுக்குக் கேக்கும். அவ்வளவுதான், அதுவே காணும். ஆகவே "எவ்வளவு ஆழம்" எண்டு கேக்காதேங்கோ. "உச்சி மேல்மட்டத்திலயிருந்து எத்தினை மீற்றர்" எண்டு கேளுங்கோ.

கொட்டடி:
அண்ணை, உச்சி கிட்ட இருந்தாப்போல எல்லாருக்கும் நல்லதில்லை. அலை தூக்கிப் போட்டால் கறள் தகடுதான் முதல்ல முழங்காலைப் பிடிக்கும். ஏற்பூசி போட்டு எத்தினை வருசமெண்டு பாத்திட்டுப் போகோணும். பழக்கமில்லாதவைக்கு அங்கையே கிடக்கிற பெடர்னாலெஸ்தான் திறம். 1942 பெப்ரவரியில ஜேர்மன்காரரின்ர யூ-156 நீர்மூழ்கி டோப்பிடோ அடிச்ச எண்ணெய்க் கப்பல். முன்னையும் பின்னையும் வெட்டி எடுத்து ஒட்டித் திரும்பக் கப்பலாக்கிப் போட்டாங்கள், நடுத்துண்டு மட்டும்தான் 8, 10 மீற்றரில பரவிக் கிடக்குது. குழாயும் தகடும் மணலோட, வெயில் நேர இறங்கேக்கை ஒவ்வொண்டா எண்ணலாம்.

சுழியோடி:
எண்ணலாம் தம்பி, ஆனா "கப்பல் எங்கை?" எண்டு கேட்டபடி போட்டில ஏறுற சனத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?

பாசையூர் அக்கா:
ரெண்டு பேரும் கப்பலைப் பாத்துச் சண்டை பிடிக்கிறியள், அரைவாசிப்பேர் மாஸ்குக்குள்ள தண்ணி வந்து ஒண்டையும் காணாமல் வருகினம். வார் போடாமல் மாஸ்க்கை முகத்தில வைச்சு மூக்கால மூச்சை இழுங்கோ. கையை விட்டாலும் ஒட்டிக்கொண்டு நிண்டால் அது உங்கடை அளவு. மீசைக்காரருக்கு மேலுதட்டால ஒழுகும், மூக்குக்குக் கீழ ஒரு கோடு வழிச்சுவிட்டால் நிக்கும், இல்லாட்டி கொஞ்சம் வஸ்லின். ஒழுகுதெண்டு வாரை இறுக்கக்கூடாது. இறுக்க இறுக்க விளிம்பு மடிஞ்சு இன்னும் கூட ஒழுகும். வார் பின்மண்டையில உயர நிக்கோணும், மயிர் ஒண்டும் விளிம்புக்குள்ள அகப்படக்கூடாது. புது மாஸ்க் எண்டால் கண்ணாடியின்ர உள்பக்கத்தை வெள்ளைப் பற்பசையால தேச்சுக் கழுவுங்கோ, இல்லாட்டி எவ்வளவு எச்சில் பூசினாலும் புகார் கட்டும். காத்தடிக்கிற மிதவை அங்கியை அரைவாசிக்கு மேல ஊதாதேங்கோ. முழுக்க ஊதினால் நெஞ்சு எழும்பும், கால் தாழும், காலில போட்ட துடுப்பு (பின்ஸ்) போய்க் கப்பலில இடிக்கும். முகம் முழுக்க மூடுற மாஸ்க் வாங்கப்போறவை முதல்ல கேட்டிட்டு வாங்குங்கோ, கன ரூர்க்காரர் விடமாட்டினம். விட்ட மூச்சு உள்ளுக்கே தங்கினால் தலை சுத்தும். முதுகுக்குக் கைநீட்டுச் சட்டை. சன்கிறீம் போத்திலைத் திருப்பி பவளப்பாறையைக் கெடுக்கிற ஒக்சிபென்சோன் இருக்கோ எண்டு பாருங்கோ, 2020இலயிருந்து அரூபாவில அது தடை.

கொட்டடி:
அக்கா, கேட்டது எந்த ரூர் எண்டு.

பாசையூர் அக்கா:
இதெல்லாம் சொல்லித் தாற ரூர்தான் நல்ல ரூர். போட் எடுக்க முதல் அஞ்சு நிமிசம் மாஸ்க் பொருத்திப் பாக்கிறாங்களோ எண்டு பாருங்கோ.

கீரிமலை:
காத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. அங்கை கிழக்குக் காத்துத்தான், கப்பல்கள் கிடக்கிறது மேற்குக் கரை. சோளகத்தில காங்கேசன்துறைக் கடல் கிடக்கிற மாதிரி, கரையோரம் தண்ணி சட்டியில ஊத்தினதுபோல நிக்கும், மிதக்கிறதை மெல்ல வெளியால கொண்டுபோகும். தலையைக் குனிஞ்சு கொண்டிருக்கிறவனுக்குத் தெரியாது. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கால் நிமிர்ந்து போட் எங்கையெண்டு பாக்கோணும். முதல்ல காத்துக்கு எதிராப் போய், வரேக்கை காத்தோட வாங்கோ. ஆக்களை எண்ணுற ஒருத்தன் தண்ணிக்குள்ளயும் இன்னொருத்தன் போட் மேலயும் நிக்கிற ரூரா எண்டு கேட்டுத்தான் காசு கட்டோணும்.

நாவற்குழி:
2023 யூனில காங்கேசன்துறைக்கும் குரூஸ் கப்பல் வந்தது. இஞ்சை மேல மிதந்து பாக்க ஒண்டுமில்லையோ?

கீரிமலை:
பேர்போனதெல்லாம் மற்றப் பக்கம். மட்டக்களப்பில தாண்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் 53 மீற்றர் ஆழத்தில, பழகின சுழியோடிகளுக்கு மட்டும். ஹிக்கடுவையில 1903இல தாண்ட கொன்ச் எண்ணெய்க் கப்பலின்ர சில துண்டுகள் ஆழம் குறைவு, அங்கை கடல் தெளியிறது நவம்பரிலயிருந்து ஏப்ரல் வரைக்கும்தான்.

சுழியோடி:
இன்னொண்டு. ரூர் நாலு மணித்தியாலமெண்டு போட்டிருப்பான், கப்பலுக்கு மேல தண்ணிக்குள்ள நிக்கிறது எத்தினை நிமிசமெண்டு கேளுங்கோ. மிச்சம் எல்லாம் பாட்டும் குடியும். குரூஸ்காரரின்ர ரூர் எண்டால் பிந்தினாலும் கப்பல் காத்திருக்கும், வெளியில எடுத்தால் விட்டிட்டுப் போயிடும். மாரியில புளோரிடாவால போறவை மணிக்கூட்டையும் பாக்கோணும். அரூபா நேரம் புளோரிடாவை விட ஒரு மணித்தியாலம் முந்தி. ரூர் தொடங்கிறது தீவு நேரத்துக்கு, கப்பலில திரும்ப ஏறுறது கப்பல் நேரத்துக்கு.