ஃப்ரேம் லாக்: சட்டப்பூட்டா, நாத்தாழா, பிடிப்பூட்டா?

வெட்டிவேர் (திங்கள், இரவு 9.10)

குழுவினருக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம். கைக்கருவிகளைப் பற்றி எழுதும் இணைய இதழ் ஒன்றுக்கு ஒரு கட்டுரை மொழிபெயர்க்கிறேன். வெள்ளி காலை கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து போய்சி நகரில் செய்யப்படும் செபென்ஸா என்ற மடக்குக்கத்தியில் 21 என்ற வகையை வாங்குவதா, 31 என்ற வகையை வாங்குவதா என்பதுதான் கட்டுரை. 21 வந்தது 2008-இல். 31 வந்தது 2019 கடைசியில். பழையது இப்போது இரண்டாம் கையாகத்தான் கிடைக்கும். அதுவும் மலிவில்லை.

சிக்கல் 'ஃப்ரேம் லாக்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பது. கட்டுரையில் நாற்பது இடத்துக்கு மேல் வருகிறது. பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கைப்பிடி என்பது இரண்டு டைட்டானியம் தகடுகள். ஒரு தகட்டில் மட்டும் நீளவாக்கில் கீறி ஒரு பட்டையைப் பிரித்திருப்பார்கள். பட்டையின் ஒரு முனை தகட்டோடு ஒட்டியிருக்கும், மறுமுனை உள்பக்கம் சாய்ந்து விறைப்பாக நிற்கும். அலகைத் திறந்ததும் அந்த முனை உள்ளே நகர்ந்து அலகின் அடிக்கு முட்டுக்கொடுக்கும். மூடுவதற்குக் கட்டைவிரலால் பட்டையை ஒதுக்க வேண்டும். தனியாகப் பூட்டு என்று எதுவுமே கிடையாது. 1987-இல் இதை உருவாக்கிய க்ரிஸ் ரீவ் வைத்த பெயர் 'இன்டெக்ரல் லாக்'. 'ஃப்ரேம் லாக்' என்பது பிறகு ஊர் வாயில் நிலைத்த பெயர்.

சட்டப்பூட்டு, சட்டகப்பூட்டு என்று இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதைப் படித்தால் 144 தடை உத்தரவு நினைவுக்கு வருகிறது.

பழஞ்சுவடி (செவ்வாய், காலை 5.32)

அம்மா, பூட்டுக்குப் பிறகு வருவோம். 'மடக்குக்கத்தி' என்று நடுவில் ககர ஒற்று போட்டிருக்கிறீர்கள். மடக்கும் கத்தி என்று விரித்தால் அது வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் போல ஒற்று மிகாது. மடக்கு என்பதைப் பெயராகக் கொண்டால் மிகும். எதைக் கொண்டீர்கள்? எனக்கு 'மடிகத்தி' உத்தமம். தானே மடிவது, பிறர் மடக்குவது என்ற வேறுபாடும் காக்கப்படும்.

பூட்டு என்ற சொல்லே வேண்டாம் என்பேன். பூட்டு என்றால் சாவி வேண்டும். இது திறந்தபின் விழுந்து தடுப்பது. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்று வள்ளுவரே கையில் கொடுத்திருக்கும்போது நாம் ஏன் தேடி அலைய வேண்டும்? தாழ். ஓரசை. கத்தித்தாழ்.

தேம்ஸ்கரை (செவ்வாய், முற்பகல் 11.05)

ஐயா, சாவி போர்த்துக்கீசியச் சொல். எங்கட ஊரில் அதற்குத் திறப்பு என்போம். பூட்டை விலக்க முதல் சாவியை விலக்குங்கோ.

அது கிடக்கட்டும். லண்டனில் இருந்து ஒரு விஷயம். இங்கே 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடிப்புக் கத்தியைக் காரணம் கேட்காமல் வெளியில் கொண்டுபோக விடுகிறது. ஆனால் திறந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி மடிப்புக் கத்தியே அல்ல என்று நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. சிறிய செபென்ஸாவின் அலகு 2.99 அங்குலம். அளவில் தப்பும், பூட்டில் மாட்டும். தக்க காரணம் இல்லாமல் பொக்கற்றில் இருந்தால் குற்றம். ஆகவே சொல்லில் 'பூட்டு' இருந்தே ஆகவேண்டும். இங்குள்ள பொடியன் ஒருவன் கட்டுரையைப் படித்து, தாழ்தானே என்று கத்தியோடு பஸ்ஸில் ஏறினால் யார் பொறுப்பு?

சட்டப்பூட்டுக் கத்தி சட்டப்படி குற்றம் என்று எழுத வேண்டிவரும், அதையும் யோசியுங்கோ தங்கச்சி.

வேர்தேடி (செவ்வாய், பிற்பகல் 2.47)

எல்லாரும் பெயரைத் தாண்டிப் போகிறீர்கள். செபென்ஸா என்பது சுலு மொழியில் வேலை. ரீவ் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1989-இல் அமெரிக்கா போனவர். வேலை என்றால் செய்வது. செபென்ஸாவின் முதலசை செ. தமிழில் செய். செய், செயல், செய்கை, செபென். எங்கே போனாலும் வேர் நம்முடையது. அதனால் கத்தியின் பெயரையே 'செய்வான்' என்று பெயர்த்துவிடலாம்.

தவிர ஸா எதற்கு? 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியர் சொன்னது சுலுவுக்கும் பொருந்தும். செபென்சா என்று எழுதுங்கள்.

வெட்டிவேர் (செவ்வாய், பிற்பகல் 3.15)

ஐயா, வணிகப் பெயரை மொழிபெயர்த்தால் படிப்பவர் கடையில் என்னவென்று கேட்பார்? ஸாவை சாவாக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. செய்வான் வேண்டாம், மந்திரவாதி விளம்பரம் மாதிரி இருக்கிறது. முதலில் லாக்குக்கு வாருங்கள்.

பழஞ்சுவடி (செவ்வாய், மாலை 6.20)

சுலு பாண்டு இனமொழி. ஓர் எழுத்து ஒத்தால் உறவு என்றால் எனக்கு உலகம் முழுக்க மைத்துனர்கள். கத்திக்கு உண்மையான உறவு வேண்டுமானால் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே கத்தி இருக்கிறது, பாருங்கள். சங்க இலக்கியத்தில் கீலுள்ள கருவி வேண்டுமா? பொருநராற்றுப்படை, பாடினியின் காதுக்கு உவமை: 'மயிர்குறை கருவி மாண்கடை யன்ன'. கத்தரியின் பிடி வளையம். அங்கேயும் புலவர் கண் பிடியில்தான் விழுந்தது, அலகில் அல்ல.

பட்டறைக்காரன் (செவ்வாய், இரவு 10.40)

இப்போதுதான் கடை மூடினேன். திண்டுக்கல்லில் பூட்டு வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது, அதனால் இதில் கொஞ்சம் உரிமை உண்டு. எங்கள் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு என்பார்கள், அது வடிவத்தால் வந்த பெயர். வேலை செய்கிறவன் பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்துவிடுவான். புத்தகம் புரட்டமாட்டான்.

போன வருஷம் டெக்சாஸிலிருந்து வந்த என் மச்சான் இந்த 21-ஐக் கொண்டுவந்தான். பெரிய அளவு. அலகைத் திறந்தால் 'டிக்' என்று சத்தம், அசைவே இல்லை. சரி, நல்ல வேலை என்று மூடப் பார்க்கிறேன், பட்டை நகரவில்லை. விரல் நகம் வெளுக்கிற அளவு அழுத்தினேன், 'க்ரக்' என்று விட்டது. டைட்டானியத்தின் குணம் அது, எஃகோடு உரசினால் கவ்விக்கொள்ளும். பையனுடைய பென்சிலை எடுத்து, பட்டை முட்டும் முகத்தில் கரியைத் தேய்த்தேன். அப்புறம் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. சில மாதம் கழித்து மறுபடியும் தேய்க்க வேண்டியிருந்ததாம்.

31-இல் இந்தத் தொல்லை இல்லை. பட்டையின் நுனியில் சின்ன பீங்கான் பால்ரஸ் குண்டு ஒன்றைப் பதித்துவிட்டான். அலகைத் தொடுவது குண்டு மட்டும்தான். மூடியிருக்கும்போது அதே குண்டு அலகில் உள்ள குழியில் உட்கார்ந்து, அலகு தானாகத் திறக்காமல் பார்த்துக்கொள்ளும். ஒரு குண்டு, இரண்டு வேலை. இடையில் 2012-இல் வந்த 25-இலேயே இந்தக் குண்டு உண்டு.

எங்கள் பட்டறையில் இதற்கு என்ன சொல்வோம் என்று கேட்டால்: லாக். பட்டையை நாக்கு என்போம். அவ்வளவுதான்.

வெட்டிவேர் (புதன், காலை 7.02)

அண்ணே, கட்டுரையின் உயிரே நீங்கள் சொன்னதுதான். கடைசிக்கால 21-இலும் தொடக்ககால 31-இலும் எஃகு ஒன்றே, எஸ்35விஎன். மாறியது பூட்டின் நுனி. இன்னொன்று, 21-இல் சட்டைப்பை கொக்கி பட்டையின் மேலேயே அழுத்தும், 31-இல் அதைச் சாய்வாக வைத்துப் பட்டையிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆகப் பட்டைக்கு ஒரு பெயர், மொத்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர், நுனிக் குண்டுக்கு ஒரு பெயர், மூன்றும் வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தால் நல்லது.

'பீங்கான் குண்டு' எழுதப் பயமாக இருக்கிறது. பையில் ஒரு கத்தி, அதில் ஒரு குண்டு என்றால் மீனம்பாக்கத்தில் சிக்கல்.

வேர்தேடி (புதன், காலை 9.30)

நாக்கு! பட்டறைத் தம்பி வாயில் வந்துவிட்டது. நாதாங்கி என்ற சொல்லைப் பிரியுங்கள்: நா, தாங்கி. தாழின் நாவைத் தாங்குவது. மணிக்கு நா உண்டு, துலாக்கோலுக்கு நா உண்டு. கைப்பிடியில் கீறியெடுத்த பட்டைக்கு நா என்பதைவிடப் பொருத்தம் உண்டா? நா, நாத்தாழ், நாமணி. மூன்றும் கிளைத்துவிட்டன. செய்வானை நான் விட்டுக்கொடுக்கிறேன்.

தேம்ஸ்கரை (புதன், பிற்பகல் 1.18)

நல்லாத்தான் இருக்கு, ஆனால் நாத்தாழ் என்று வேகமாக வாசித்தால் நாத்தனார் வந்து வாசலில் நிற்கிறா. யாருக்கு விளங்கும்? நான் பிடிப்பூட்டு என்பேன். பிடியே பூட்டு. பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். ரீவ் வைத்த முதல் பெயருக்கும் அதுதானே கருத்து, பிடியும் பூட்டும் வேறல்ல என்று.

பழஞ்சுவடி (புதன், மாலை 4.44)

விளங்குதல் ஒன்றே அளவுகோல் என்றால் ஃப்ரேம் லாக் என்றே எழுதிவிடலாமே. பேருந்து என்ற சொல்லைக் கேட்டும் ஒரு காலத்தில் சிரித்தார்கள். நாத்தாழுக்கு என் வாக்கு. தாழ் வேண்டும் என்று முதலில் சொன்னது நான் என்பதையும் பதிவுசெய்கிறேன்.

பட்டறைக்காரன் (புதன், இரவு 10.15)

ஐயா, பேருந்து என்று எழுதுகிறோம், பஸ் என்றுதான் ஏறுகிறோம். கத்தியை வாங்கப் போகிறவன் கையில் பிடித்துப் பார்ப்பவன். பிடிப்பூட்டு அவனுக்குப் போதும். உள்ளே இருக்கும் பட்டையை நாக்கு என்று சொல்லுங்கள், அதற்கு இலக்கணம் வேண்டாம்.

மட்டுறுத்துநர் (வியாழன், காலை 8.00)

மடல்கள் இருபத்தேழைத் தாண்டிவிட்டன. அவற்றில் பதினொன்று நாத்தனாரைப் பற்றியவை. இழையைப் படிப்பவர் நலன் கருதி ஒதுக்கியிருக்கிறேன். எண்ணிப் பார்த்ததில் பிடிப்பூட்டு 6, நாத்தாழ் 4, சட்டகப்பூட்டு 1 (யார் என்று தெரியும், விளக்கம் தேவையில்லை). வெட்டிவேர் அம்மா தம் பொறுப்பில் முடிவெடுக்கலாம்.

வெட்டிவேர் (வெள்ளி, காலை 6.50)

அனுப்பிவிட்டேன். ஏற்பாட்டுக்குப் பிடிப்பூட்டு, பட்டைக்கு நா, நுனியில் இருப்பதற்குப் பீங்கான் மணி. முதல் முறை வருமிடத்தில் 'ஃப்ரேம் லாக் எனப்படும்' என்று ஒட்டிக்கொண்டேன், மன்னியுங்கள். எழுதிப் பார்த்தபோது ஒரு வாக்கியம் தானாக அமைந்தது: '21-இல் நாவே அலகைத் தொடுகிறது, 31-இல் நாவின் நுனியில் உள்ள மணி தொடுகிறது.' மூன்று பக்கமாகக் கட்டுரை சொல்வது அதைத்தான். புதிதாக வாங்குவோருக்கு 31, பென்சில் கையில் இருப்போருக்கு 21 என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். ஆசிரியர் வெட்டாமல் இருந்தால் சரி. மடக்குக்கத்தியில் ஒற்று போட்டுத்தான் எழுதியிருக்கிறேன், பெயராகக் கொண்டு.

பழஞ்சுவடி (வெள்ளி, காலை 6.58)

அம்மா, அனுப்பிவிட்டீர்களா? இரவு முழுக்க யோசித்தேன். பிடிப்பூட்டு என்பதைப் பிடி, பூட்டு என்று மட்டுமல்ல, பிடிப்பு, ஊட்டு என்றும் பிரிக்கலாம். இடுப்பில் பிடிப்பை ஊட்டுவது. எனக்கு இருப்பது அதுதான். ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியைத் தர முடியுமா?

பட்டறைக்காரன் (வெள்ளி, இரவு 10.30)

ஐயாவுக்குத் தைலம் அனுப்புகிறேன். அக்கா, மச்சான் 21-ஐ விற்றுவிட்டு 31 வாங்கலாமா என்று கேட்கிறான். பென்சில் தீரவில்லை என்று சொல்லிவிட்டேன்.