எடைக் கருவியும் சீரியல் போர்ட்டும்: பாதி எண்கள் மட்டும் சரியாக வந்த அனுபவம்

தரவை ஒவ்வொரு பிட்டாக (0 அல்லது 1) அனுப்பிப் பெறும் இணைப்பான சீரியல் போர்ட்டின் அமைப்புகள் தவறாக இருந்தால் திரையில் ஒன்றுமே வராது, அல்லது வருவதெல்லாம் குப்பையாக இருக்கும் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். ஒரு மின்னணு எடைக் கருவியைக் கணினியுடன் இணைக்க முயன்றபோதுதான், பாதி சரியாகவும் பாதி தவறாகவும் வருவது இவ்விரண்டையும்விட மோசமாக அலைக்கழிக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

கருவியின் கையேடு கிடைக்கவில்லை. போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் ஒரு பழைய டெர்மினல் நிரலில் 9600 பாட் ரேட் (அனுப்பும் வேகம்), 8 டேட்டா பிட், பாரிட்டி (பிழையைக் கண்டறியச் சேர்க்கும் பிட்) இல்லை, எழுத்தின் முடிவைக் குறிக்கும் 1 ஸ்டாப் பிட் என்ற வழக்கமான அமைப்புடன் தொடங்கினேன். புரியாத குறிகள் வரிசையாகக் கொட்டின. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து 2400-க்கு வந்ததும் எண்கள் தெரியத் தொடங்கின. தட்டு வெறுமையாக இருந்தபோது 0.00 என்று ஒழுங்காக வந்தது. வேலை முடிந்தது என்று எண்ணி ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தேன். கருவியின் முகப்பில் 12.45 என்றிருக்க, திரையில் ±².´5 என்று வந்தது. அடுத்த பெட்டியின் எடை 6.35, அது ஒரு பிழையும் இன்றி வந்தது.

கேபிளைச் சந்தேகித்து, அதை மாற்றி, இணைப்பு முனைகளைத் துடைத்து ஒரு நாளைக் கழித்தேன். பிறகுதான் ஒரு தாளில் 0 முதல் 9 வரை எழுதி, எது ஒழுங்காக வருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். 0, 3, 5, 6, 9 சரியாக வந்தன. 1, 2, 4, 7, 8 எப்போதும் கெட்டே வந்தன. கேபிள் பழுதாக இருந்தால் இப்படி ஆள் பார்த்துக் கெடுக்காது. அந்த எண்களின் ஆஸ்கி குறியீட்டை (ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் உள்ள எண்) இருமத்தில் எழுதிப் பார்த்ததும் விடை கிடைத்தது: சரியாக வந்தவற்றில் 1-கள் இரட்டைப்படையாகவும் தவறாக வந்தவற்றில் ஒற்றைப்படையாகவும் இருந்தன. கருவி 7 டேட்டா பிட்டுடன் ஈவன் பாரிட்டி சேர்த்து அனுப்ப, கணினி அந்தப் பாரிட்டி பிட்டையே எட்டாவது டேட்டா பிட்டாக எடுத்துக்கொண்டிருந்தது. '1' என்பதன் குறியீடான 0110001-இல் மூன்று 1-கள் இருப்பதால், எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கக் கருவி இன்னொரு 1-ஐச் சேர்க்கிறது. கணினிக்கு அது வேறோர் எழுத்தாகிவிடுகிறது. எழுத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் ஸ்டார்ட் பிட்டையும் ஸ்டாப் பிட்டையும் சேர்த்தால் இரண்டு அமைப்பிலும் மொத்தம் 10 பிட்தான் என்பதால், எழுத்தின் எல்லை எங்கும் பிசகவில்லை, பிழைச் செய்தியும் எழவில்லை.

காரணம் தெரிந்த பிறகும் அரை மணி நேரம் போனது. விண்டோஸில் சாதனங்களை நிர்வகிக்கும் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் பண்புகளைத் திறந்து 7, ஈவன் என்று மாற்றினேன். திரையில் அதே ±தான். பெரும்பாலான நிரல்கள் போர்ட்டைத் திறக்கும்போது தங்கள் அமைப்பைத் தாமே எழுதிக்கொள்கின்றன. டிவைஸ் மேனேஜரில் நாம் இடும் மதிப்புகளை அவை பொருட்படுத்துவதில்லை. டெர்மினல் நிரலுக்குள் மாற்றிய உடனே 12.45 வந்தது.

மறுமொழி 1

என்னை அலைக்கழித்தது போர்ட்டின் எண். யுஎஸ்பி வழியாக இணைக்கும் சீரியல் மாற்றியில் தனிப்பட்ட வரிசை எண் பதியப்படாவிட்டால், விண்டோஸ் அதை எந்தத் துளையில் செருகியிருக்கிறோம் என்பதைக் கொண்டே அடையாளம் காண்கிறது. மேசையைத் துடைத்தபோது பக்கத்துத் துளைக்கு மாற்றிச் செருகியதில், காம் 4 (விண்டோஸ் போர்ட்டுக்கு இடும் பெயர்) ஆக இருந்தது காம் 11 ஆகிவிட்டது. நான் எழுதிய நிரலில் எண்ணை 11 என்று மாற்றியும் போர்ட் திறக்கவில்லை. 9-க்கு மேற்பட்ட எண்களுக்குப் பெயரின் முன்னால் \\.\ என்ற குறிகளைச் சேர்க்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இப்போது டிவைஸ் மேனேஜரின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் சென்று பழைய எண்ணையே கொடுத்துவிடுகிறேன். அந்த எண் 'பயன்பாட்டில் உள்ளது' என்று காட்டினாலும், பெரும்பாலும் அது எப்போதோ செருகிக் கழற்றிய மாற்றியின் எச்சமாகவே இருக்கும்.

மறுமொழி 2

எனக்கு நேர்ந்தது இன்னும் எளிய தவறு. ஒரு நெட்வொர்க் ஸ்விட்சின் கன்சோலில் (அதைக் கட்டளைகளால் அமைக்க உதவும் சீரியல் இணைப்பு) எழுத்துகள் தெளிவாக வந்தன. நான் தட்டியது எதுவும் போய்ச் சேரவில்லை. எப்போது அனுப்பலாம் என்று இரு பக்கமும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் அமைப்பான ஃப்ளோ கண்ட்ரோல் 'ஹார்ட்வேர்' (தனிக் கம்பிகள் வழியாக) என்றிருந்தது. என் கேபிளிலோ அனுப்ப, பெற, தரை என மூன்றே கம்பிகள். 'அனுப்பலாம்' என்று சொல்ல வேண்டிய 8-ஆம் பின்னில் (இணைப்பு முனையின் ஊசி) எதுவும் இணைக்கப்படாததால் கணினி வாய் திறக்காமல் காத்திருந்தது. ஃப்ளோ கண்ட்ரோலை 'இல்லை' என்று வைத்ததும் வேலை செய்தது.

ஒன்பது பின் முனையில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு கம்பியால் இணைத்து, தட்டுவது திரும்பி வருகிறதா என்று சோதிக்குமாறு பலரும் சொல்வார்கள். போர்ட்டும் கேபிளும் உயிரோடு இருக்கின்றனவா என்பதை அறிய அது போதும். ஆனால் அனுப்புவதும் பெறுவதும் ஒரே போர்ட் என்பதால், பாட் ரேட்டும் பாரிட்டியும் எப்படியிருந்தாலும் அந்தச் சோதனை வெற்றி பெற்றுவிடும். முதலில் எழுதியவரின் எடைக் கருவிச் சிக்கலை அது காட்டியே கொடுத்திருக்காது.