காட்டுப்பன்றிக்கு எந்த ரைபிள், தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா?

அந்தியூர் தோட்டக்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பர்கூர் மலையடிவாரத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் எங்கள் தோட்டம் இருக்கிறது. கடலை, மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு என்று மாற்றி மாற்றி வெள்ளாமை வைக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு பன்றிக் கூட்டம் இறங்கிவிட்டால், குச்சிக்கிழங்குச் செடியை வேரோடு சாய்த்துக் கிழங்கை மட்டும் தின்றுவிட்டுத் தண்டை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறது. கடலைக்காடோ ஏர் ஓட்டிய நிலம் போல வரப்பு வரைக்கும் புரண்டு கிடக்கிறது.

பாட்டனார் காலத்து 12 போர் (குழல் அளவைக் குறிக்கும் பெயர்) இரட்டைக்குழல் ரவைத் துப்பாக்கி ஒன்று உரிமத்தோடு அப்பாவிடம் இருக்கிறது. அவருக்கு வயதாகிவிட்டதால் உரிமத்தை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கப் போகிறேன். அப்போதே பழையதைக் கொடுத்துவிட்டு ரைபிள் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் .308 ரைபிளில்தான் (இந்த எண்கள் தோட்டா வகையின் பெயர்கள்) பன்றி சுடுகிறார். 12 போர் பன்றிக்கு உதவாது என்றும், தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டால் பாதிச் செலவுதான் என்றும் அவர் அடித்துச் சொல்கிறார். .315, .30-06 இரண்டில் எது நல்லது, .308 இங்கே கிடைக்குமா, சுட்ட தோட்டாவின் கூட்டை நாமே நிரப்பிக்கொள்ளலாமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பவானிக்காரர்:

தம்பி, ராணுவத்திலும் பிறகு ரைபிள் கிளப்பிலும் துப்பாக்கியோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். .308 எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அந்த ரைபிளில் ராணுவத்தின் 7.62 மி.மீ. தோட்டாவைப் போட்டுச் சுட முடியும் என்பதால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அது தடைசெய்யப்பட்ட வகையில் சேர்ந்துவிடுகிறது. .303 ரைபிளுக்கும் இதே கதிதான்.

மீதமிருக்கும் இரண்டும் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்படுபவை. .315 என்பது லீ என்ஃபீல்டு அமைப்பில் செய்த ரைபிள். அதன் தோட்டா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய ராணுவத்தின் மான்லிக்கர் ரைபிளுக்காக உருவானது. குண்டு கனமானது, ஏறத்தாழ 16 கிராம். வேகம் வினாடிக்கு 600 மீட்டர் அளவில்தான் இருக்கும். .30-06 அமெரிக்க ராணுவம் 1906இல் ஏற்றுக்கொண்ட தோட்டா, பெயரில் இருக்கும் 06 அந்த ஆண்டைத்தான் குறிக்கிறது. அதில் 10 கிராமுக்குச் சற்றுக் குறைவான குண்டு வினாடிக்கு 880 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் விலங்கை நோக்கிச் சுடுபவருக்கு இந்த வேறுபாடு பெரிது, ஏனென்றால் .315 குண்டு அதற்குள் நன்றாகவே தாழ்ந்துவிடும். ஆனால் இருட்டில், மக்காச்சோளத் தட்டுக்கு நடுவே, முப்பது நாற்பது மீட்டரில் தெரியும் பன்றிக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தத் தூரத்தில் விட்டத்தைவிடக் குண்டின் அமைப்புதான் முக்கியம். வயதான கிடாப்பன்றியின் தோள்பட்டையில் குருத்தெலும்பு போன்ற தடித்த தோல் கேடயமாகப் படிந்திருக்கும். அதைத் துளைத்து உள்ளே போய் விரியும் நுனி மென்மையான குண்டு வேண்டும். முழு உலோக உறை போர்த்திய குண்டு ஊசிபோலத் துளைத்து மறுபக்கம் போய்விடும், பன்றியும் அடிபட்ட நிலையில் ஓடிவிடும்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மறுபக்கம்தான். நம் பக்கத்து நிலம் டெக்சாஸ் மேய்ச்சல் காடு அல்ல. நான்கு வரப்புக்கு ஒரு தோட்டத்துச் சாளை இருக்கிறது, இரவு மின்சாரம் வரும் நேரத்தில் தண்ணீர் கட்ட ஆள் நடமாட்டம் இருக்கிறது. குறி தப்பிய ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகும். பின்னால் மண்மேடோ கரையோ இல்லாத சமவெளியில் ரைபிளைத் தூக்குவதே சரியல்ல என்பது என் முடிவு, அது எந்தத் தோட்டாவாக இருந்தாலும் சரி. உங்கள் மச்சான் 12 போரைக் குறை சொல்வது பறவை சுடும் சின்ன ரவைக்குத்தான் பொருந்தும். முப்பது மீட்டருக்குள் பெரிய ரவைகள் கொண்ட எல்.ஜி. தோட்டா பன்றிக்குப் போதும், அதன் ரவையும் ரைபிள் குண்டின் தூரத்துக்குப் போகாது.

கோவை வழக்கறிஞர்:

பவானி ஐயா சொன்னது துப்பாக்கியைப் பற்றியது. அதைப் பன்றியின் மேல் பயன்படுத்தலாமா என்பது வேறு கேள்வி, அதற்கு இன்றைய விடை "கூடாது" என்பதுதான்.

காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்குச் சேதம் விளைவித்தால் 11ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற வனத்துறை அலுவலர் அனுமதி தரலாமே தவிர, துப்பாக்கி உரிமம் கையில் இருப்பதாலேயே யாரும் சுட முடியாது. பக்கத்துப் பாலக்காட்டில் சுடுகிறார்களே என்று பொள்ளாச்சி விவசாயிகள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். கேரள அரசு 2022இல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்து, உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுட வழி செய்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு மாதிரியானது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் சுட வேண்டும். உங்கள் தோட்டம் நான்கு கிலோமீட்டரில் இருப்பதால் வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்க உங்களுக்குத் தகுதி உண்டு. அதை இந்தப் போகத்திலேயே செய்யுங்கள். மீறிச் சுட்டுத் தண்டனை பெற்றால், ஆயுத உரிமத்தையும் ரத்து செய்து ஐந்தாண்டுகளுக்கு வேறு உரிமம் கிடைக்காமல் செய்ய நீதிமன்றத்துக்கு 51ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது.

ரைபிளுக்கு மாறுவதிலும் சிக்கல் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் கேட்பவருக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் முதலில் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், உள்வரி இல்லாத, அதாவது குழலின் உட்புறம் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம் என்கிறது. ரைபிளைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. தவிர, உங்கள் பக்கத்து மலைப்பகுதி இப்போது தந்தை பெரியார் வன உயிரின சரணாலயம். சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புதிய உரிமம் தர முதன்மை வன உயிரினக் காப்பாளரின் இசைவு வேண்டும், ஏற்கெனவே உரிமம் உள்ளவர்களும் வனத்துறையிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் அப்பா பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள்.

தோட்டா நிரப்புவதைப் பொறுத்தவரை, தோட்டாவின் உறுப்புகளும் அதைச் செய்யும் இயந்திரமும் ஆயுதச் சட்ட வரையறையில் தோட்டாவாகவே கருதப்படுகின்றன. தயாரிப்புக்கு 5ஆம் பிரிவின் கீழ் தனி உரிமம் வேண்டும். உங்களிடம் இருப்பதோ வைத்திருப்பதற்கான உரிமம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறினால் ஏழாண்டுகளுக்குக் குறையாத சிறை. ஊரிலிருந்து வரும்போது மச்சான் பெட்டிக்குள் தோட்டா நிரப்பும் சின்ன பிரஸ் ஒன்றைப் போட்டு எடுத்துவந்தாலும் சிக்கல் உங்களுக்கும்தான்.

காங்கேயம் டு டெக்சாஸ்:

அண்ணா, நானும் டெக்சாஸில்தான் இருக்கிறேன், தோட்டாவும் நிரப்புகிறேன். இங்கே இருப்பவை ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்த பன்றிகள். மண்ணுக்குச் சொந்தமில்லாதவை என்பதால் நில உரிமையாளர் சம்மதித்தால் போதும், 2019 முதல் தனியார் நிலத்தில் அவற்றைச் சுட வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. சத்தியமங்கலம் காட்டுப் பன்றி அப்படியல்ல, அது அங்கே புலிக்கு இரை. வேலை விசாவில் இங்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு எதுவும் இல்லாமல் துப்பாக்கியைத் தொட்டால் அது மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பரின் துப்பாக்கிதானே என்று எண்ண வேண்டாம்.

பாதிச் செலவு என்று மச்சான் சொல்வது நிறையச் சுடுபவருக்குத்தான் உண்மை. ஒரு தோட்டாவில் பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், மருந்து, குண்டு என நான்கு பொருள்கள் உண்டு. திரும்பப் பயன்படுவது கூடு மட்டும். பிரஸ், கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் டை, தராசு, நீளம் அளக்கும் கேலிப்பர் எல்லாம் வாங்கிய பணம், வாரந்தோறும் குறிப்பயிற்சி செய்பவருக்குத் திரும்பி வரும். பருவத்துக்கு இருபது தோட்டா கொண்ட ஒரு பெட்டியைக்கூட முடிக்காத வேட்டைக்காரருக்கு ஆயுளுக்கும் வராது. நான் நிரப்புவது சிக்கனத்துக்காக அல்ல. என் ரைபிளின் அறையில் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) சுட்டு அதன் அளவுக்கு விரிந்த கூட்டை, கழுத்தை மட்டும் இறுக்கி மறுபடி பயன்படுத்தினால் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன.

ஆனால் கவனம் சிதறக்கூடாத வேலை அது. பல முறை சுட்ட கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் ஒன்று தெரிந்தால், உள்ளே பித்தளை மெலிந்துவிட்டது என்று பொருள். வளைத்த கம்பியின் நுனியை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கூட்டை மீண்டும் நிரப்பினால் சுடும்போது அது இரண்டாகப் பிரிந்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரும். சில தோட்டாக்களின் கூட்டில், பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் இடத்தில், நடுவே ஒற்றைத் துளைக்குப் பதிலாக ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றின் பிரைமரைச் சாதாரண டையின் ஊசியால் வெளியே தள்ளவே முடியாது. சட்டம் இடம் கொடுத்தாலும் உங்களுக்கு இது தேவைப்படாது, அண்ணா.

அந்தியூர் தோட்டக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. ரைபிள் யோசனையை விட்டுவிட்டேன். வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறேன், சரணாலயப் பதிவையும் பார்க்கிறேன். இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டுப் பாதுகாப்புக்கு இருக்கட்டும். ஆனால் அப்பா அதைச் சுட்டு வெகுகாலம் ஆகிறது. இப்போது கடையில் கிடைக்கும் தோட்டாவை அதில் அப்படியே போடலாமா?

பவானிக்காரர்:

போடுவதற்கு முன் குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள், தம்பி. பழைய சீமைத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மி.மீ. தோட்டாவுக்கென்று வெட்டப்பட்டிருக்கும், இன்று பெரும்பாலும் கிடைப்பது 70 மி.மீ. அந்த நீளம் சுட்டு விரிந்த பிறகு உள்ள அளவு என்பதால், நீளமான தோட்டாவும் சிறிய அறைக்குள் சிக்கலின்றி நுழைந்துவிடும். சுட்டதும் அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் மேல் சுருள் சுருளாக வரிகள் தெரிந்தால், அது இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். அதில் இன்றைய தோட்டா எதையும் போடக்கூடாது. அளவுப் பொறிப்பு தேய்ந்திருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அறையை அளந்த பிறகே தோட்டா வாங்குங்கள். எடுத்துச் செல்லும்போது உரிமப் புத்தகம் கையில் இருக்கட்டும்.