திரையில் சரி, தாளில் மட்டும் கட்டம் கட்டமாக வருதா?

கொழிஞ்சாம்பாறை, டி.டி.பி. கடை:

எங்கள் ஊர் கேரளத்தில் பாலக்காடு மாவட்டம்தான். ஆனாலும் பெண் வீடு பொள்ளாச்சி, மாப்பிள்ளை வீடு இங்கே பக்கத்துச் சித்தூர் என்று வரும்போது ஒரே கல்யாணப் பத்திரிகையில் தமிழும் மலையாளமும் சேர்ந்துதான் வரும். அதனால் ஃபாண்ட் (எழுத்துரு) தகராறு எங்களுக்கு இரட்டிப்பு. பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

பிரிண்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த ஃபைலை பி.டி.எஃப். ஆக்கித் திறந்து பாருங்கள். அதிலேயே எழுத்து உடைந்திருந்தால் பிரிண்டர் பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. பி.டி.எஃப். நன்றாக இருந்து தாளில் மட்டும் கெட்டால்தான் டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள் பக்கம் போக வேண்டும். இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

அதிகமாக வருவது பழைய ஃபாண்ட் கேஸ். வீட்டில் பாமினியில் அடித்து பென் டிரைவில் கொண்டுவருவார்கள். நம் கம்ப்யூட்டரில் பாமினி இல்லையென்றால், ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். ஃபைலுக்குள் இருப்பதே அந்த ஆங்கில எழுத்துகள்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது மட்டும்தான் பாமினியின் வேலை. ‘வைரஸ் ஏறிடுச்சா?’ என்று கேட்காத ஆள் இல்லை. அதே ஃபாண்டை நம் கம்ப்யூட்டரிலும் போட்டால் சரியாகிவிடும். இல்லையென்றால் அவர்களையே வேர்டில் ஆப்ஷன்ஸ், சேவ் பக்கம் போய் ஃபாண்டை ஃபைலுக்குள்ளேயே பதித்து (எம்பெட் செய்து) அனுப்பச் சொல்லலாம். ஆனால் சில ஃபாண்டுகள் எம்பெட் ஆக அனுமதிக்காது. பி.டி.எஃப். ஆகக் கொடுத்தால் எனக்கு நிம்மதி. பிராப்பர்ட்டீஸில் ஃபாண்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘எம்பெடட்’ என்று இருக்கிறதா பார்த்துவிட்டுத்தான் பிரிண்ட் கொடுப்பேன்.

மலையாளத்தில் வேறு கூத்து. ஆண்பிள்ளைகள் பெயர் நிறைய ‘ன்’ என்று முடியும். அது சில்லெழுத்து, அதாவது மலையாளத்தில் தனி உருவம் உள்ள மெய்யெழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கும் பொது முறைதான் யூனிகோடு. அதில் சில்லெழுத்துகளுக்குத் தனித்தனி எண் கிடைத்தது 2008இல்தான். அதற்கு முந்தைய ஃபாண்டைப் போட்டால் பெயர் முழுவதும் அழகாக வந்து, கடைசியில் மட்டும் ஒரு கட்டம் நிற்கும். மாப்பிள்ளை பெயரில் கட்டம் விழுந்தால் வீட்டார் சும்மா விடுவார்களா? ஃபாண்டைப் புதிதாக்குவதுதான் வழி. மீரா, ரச்சனா இரண்டும் இலவசம், அச்சுக்கும் அழகு.

அப்புறம், பி.டி.எஃப். சரியாக இருந்தும் தாளில் குப்பையாக வந்தால் அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது அட்வான்ஸ்டு போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய்யுங்கள். பக்கம் படமாகப் போவதால் ஃபாண்ட் சண்டையே வராது. கொஞ்சம் மெதுவாக வரும், பொடி எழுத்து லேசாக மழுங்கும். அவசரத்துக்குப் போதும்.

நகரி, ஜவுளிக் கடை கணக்கு:

எங்களுக்குப் பத்திரிகை இல்லை அண்ணா, பில். ரிப்பனில் ஊசி குத்திப் புள்ளி புள்ளியாக அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கடைப் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் போடு என்றார் முதலாளி. திரையில் இரண்டும் ஜோராக இருந்தது, தாளில் வெறும் கேள்விக்குறி. வந்த பையன் ரிப்பன் மாற்றினான், கேபிள் மாற்றினான், காசும் வாங்கினான்.

கடைசியில் பார்த்தால் போட்டிருந்த டிரைவர் ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’. அது எழுத்தின் எண்ணை மட்டும் அனுப்பும். உருவத்தைப் பிரிண்டரே தன் நினைவிலிருந்து எடுத்து அடிக்க வேண்டும். எங்கள் பிரிண்டருக்குத் தெரிந்தது ஆங்கிலம் மட்டும். அந்த மாடலுக்கு உரிய டிரைவரைப் போட்டதும் விண்டோஸ் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பியது, இரண்டு மொழியும் வந்துவிட்டன. ஆனால் ஒரு பில் வர ரொம்ப நேரம். ஆடி மாதக் கூட்டத்தில் யார் காத்திருப்பது? இப்போது கடைப் பெயரை முன்கூட்டியே அச்சடித்த தாள் வாங்கிவிட்டோம், உள்ளே ஆங்கிலம் மட்டும்.

செங்கோட்டை, ஆஃப்செட் அச்சகம்:

எங்களிடம் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது, சிரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் தமிழ் எல்லாம் யூனிகோடு. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. ஒட்டினால் கேள்விக்குறிதான். எழுத்து மாற்றும் கன்வெர்ட்டரில் போட்டுப் பழைய ஃபாண்டுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

மாற்றிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ‘கொ’வைப் பழைய ஃபாண்டில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். கன்வெர்ட்டர் இதை ஒழுங்காக மாற்றிவிடும். சறுக்குவது ‘ஸ்ரீ’யிலும் மேற்கோள் குறியிலும்தான். கோயில் நோட்டீஸில் அம்மன் பெயருக்கு முன்னாலேயே குப்பை எழுத்து வந்தால் ஆயிரம் தாளும் வீண்.

குமுளி, பள்ளி அலுவலகம்:

எனக்கு ஒரு சந்தேகம் சார். தலைமையாசிரியர் லாகினில் தமிழ் ஃபாண்ட் சரியாகப் பிரிண்ட் ஆகிறது. அதே கம்ப்யூட்டர், அதே பிரிண்டர், என் லாகினில் திறந்தால் வேறு எழுத்தாக வருகிறது. ஏன்?

கொழிஞ்சாம்பாறை, டி.டி.பி. கடை:

விண்டோஸ் 10 தானே டீச்சர்? அதில் சும்மா ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் ஃபாண்ட் அந்த ஒரு லாகினுக்கு மட்டும் போய் உட்கார்ந்துவிடும். தலைமையாசிரியர் லாகினில் ஃபாண்ட் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வேர்டை மூடித் திறக்க வேண்டும், இல்லையென்றால் புது ஃபாண்ட் பட்டியலில் வராமல் போகலாம்.