ஊருணிக்கும் கண்மாய்க்கும் வந்து சேர்ந்த அயல் மீன்கள்: அனுபவப் பகிர்வு

பள்ளத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

பங்குனியில் நீர் வற்றிய கண்மாய் ஒன்றில் ஊர் மக்கள் ஊத்தா, கச்சா என்னும் மீன்பிடிக் கருவிகளுடன் இறங்கியபோது, விராலும் குரவையும் அகப்படும் என்று எதிர்பார்த்த இடத்தில், செதிலற்ற கறுத்த உடலும் நீண்ட மீசைகளும் கொண்ட பெரிய மீன்களே மிகுதியாகக் கிடைத்தன. அவை ஆப்பிரிக்கன் கெளுத்தி. இதன் வளர்ப்பை மத்திய அரசு 2000 ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. ஆயினும் கோழிக் கழிவைத் தின்றே விரைவில் எடை கூடுவதால், மறைவாகக் குட்டை வெட்டி வளர்ப்போர் இன்னும் இருக்கின்றனர். அடைமழையில் அக்குட்டை நிரம்பி வழிந்தால் மீன் வெளியேறிவிடும்; காற்றையும் சுவாசிக்கக் கூடியது என்பதால் ஈரத் தரையில் ஊர்ந்தும் அடுத்த நீர்நிலையை அடையும். அயிரை, தவளை என வாய்க்குள் அடங்கும் எதையும் அது விட்டுவைப்பதில்லை.

நம் பகுதிக்கு இந்த ஆபத்து கூடுதலானது என்று நான் கருதுகிறேன். மேல்கண்மாய் நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலிங்கு வழிந்தால் அந்த நீர் கீழ்க்கண்மாய்க்குப் போகிறது. வரத்துக்கால் வழியே ஊருணிக்கும் பிரிகிறது. ஓர் ஊரில் ஒருவர் விடும் மீன், அவரிடம் எதுவும் கேட்காத கீழூர்கள் அனைத்துக்கும் விடப்பட்ட மீனாகிறது.

காரைக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

வண்ணமீன் தொட்டியின் பாசியைத் தின்னும் என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கப்படும் 'டேங்க் கிளீனர்' மீனை எங்கள் பக்கத்து ஊருணியில் பிடித்தார்கள். அது முழங்கை நீளம் இருந்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீனின் மேல்தோல் எலும்புத் தகடுகளால் ஆனது. வலையில் சிக்கினால் வலை கிழிகிறது, சமைக்கவும் யாரும் எடுத்துச் செல்வதில்லை. இனப்பெருக்கத்துக்காகக் கரையில் வளை தோண்டும் பழக்கமும் அதற்கு உண்டு. மண்கரையை நம்பி நிற்கும் கண்மாய்களுக்கு இதுவே பெரிய கவலை. தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிட்ட மீனைக் கொல்ல மனமில்லாமல் ஊருணியில் விடுவோர் இரக்கத்தால்தான் அப்படிச் செய்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதைவிட, விற்கும்போதே மீனின் முழு வளர்ச்சியைச் சொல்லி, வேண்டாதபோது திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடைக்காரர்கள் முன்வருவது பயன் தரும்.

கோட்டையூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நாட்டு மீன் என்று நாம் எண்ணி வாங்கும் ஜிலேபியும் 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டதே. தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்தே பொரிப்பதால் அதன் பெருக்கத்தை நிறுத்துவது மிகக் கடினம்.

தேவகோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

தொண்டிப் பக்கம் இறால் பண்ணையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வன்னாமி இறாலும் அயல் இனமே. 2009 இல் அதற்கு அனுமதி வழங்கியபோது நிபந்தனைகளும் உடன் வந்தன. நோயற்றவை எனச் சான்று பெற்ற தாய் இறால்களை மட்டுமே இறக்குமதி செய்து, சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்துச் சோதித்த பின்பே குஞ்சு பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள். பண்ணைக்குப் பதிவு வேண்டும், நண்டு நுழையாத வேலி வேண்டும், பறவை இறங்காதபடி மேலே கயிறோ வலையோ கட்ட வேண்டும். வேலை கூடுதல்தான்; ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடிந்தது. நன்னீர்க் குளத்துக்கு வரும் மீன்குஞ்சு வண்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்பவர் அரிது.

பள்ளத்தூர் உறுப்பினர் மீண்டும்:

அந்தக் கேள்வியை மீன்பாசி குத்தகை, அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, எடுப்போர் கேட்கலாம். கட்லா, ரோகு, மிர்கால் என்று சொல்லி வரும் குஞ்சுகளைக் கண்மாயில் நேரே கொட்டாமல், முதலில் வெள்ளை அண்டாவில் ஊற்றிப் பார்த்தால், செதிலின்றி மீசை எடுப்பாகத் தெரியும் குஞ்சு கண்ணில் படும், அதைக் கழித்துவிடலாம். கோடையில் முற்றிலும் வற்றும் கண்மாய் நமக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் ஆப்பிரிக்கன் கெளுத்தி ஈரச் சேற்றிலும் உயிர் பிடித்துக் கிடக்கும் என்பதால், நீர் திறக்கும் மடையின் அடிப் பள்ளத்தில் தேங்கிய நீரையும் இறைத்து, சேறு வெடிக்கும்வரை காயவிட்ட பிறகே புதுக் குஞ்சு விட வேண்டும்.