ஊதுலையில் கல்கரி சூட்டுக்கு மட்டும்தானா?

தாமரை:
இரும்பு எடுக்கும் ஊதுலையில் மேலிருந்து இரும்புத் தாது, கல்கரி (காற்றுப்படாமல் சுட்ட நிலக்கரி), சுண்ணாம்புக்கல். கீழிருந்து சூடான காற்று. இதுவரை சரி. கல்கரி எரிந்து சூடு தருகிறது என்றால் வேறு எரிபொருள் போட்டால் ஆகாதா? இன்னொன்று, இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். அந்தக் காலத்துச் சின்ன உலைகளில் அவ்வளவு சூடு எப்படி வந்தது?

பழைய ஃபோர்மன்:
இரண்டாவதற்கு முதலில் சொல்கிறேன்: வரவே இல்லை. அங்கே உருகியது கசடுதான், அதாவது தாதுவிலிருந்து பிரியும் கழிவு. இரும்பு துளைத்துளையான கட்டியாகத் தங்கும். சூடு ஆறுமுன் சம்மட்டியால் அடித்து மிச்சக் கசடைப் பிதுக்குவார்கள். உலை உயர்ந்து காற்றும் கூடியபோது இரும்பில் கார்பன் ஏறியது. 4 சதவீதத்தைத் தாண்டினால் 1150 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். சீனாவில் இது 2000 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது.

கல்கரிக்கு வருவோம். சூடு தரும். எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும். பாடப்புத்தகம் அதோடு நிறுத்திக்கொள்ளும். என்னைக் கேட்டால் பெரிய வேலையே சுமை தாங்குவதுதான். கீழே போகப் போகத் தாது இளகி ஓடிவிடும். கெட்டியாக நிற்பது கல்கரி மட்டும். அதன் இடுக்கு வழியாகத்தான் காற்று ஏறும், இரும்பு சொட்டும். மரக்கரி நொறுங்கிவிடும், அதனால் அந்த உலைகளை அதிகம் உயர்த்த முடியவில்லை. 1709இல் இங்கிலாந்தில் இரும்பு உருக்கிய ஆபிரகாம் டார்பி கல்கரிக்கு மாறிய பிறகுதான் அந்தத் தடை நீங்கியது.

காற்றுக் குழாயின் பின்னால் சின்னக் கண்ணாடித் துளை உண்டு. ஷிஃப்ட் ஏறியதும் நான் போவது அங்கேதான். நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் கல்கரித் துண்டுகள் வெள்ளையாகச் சுழன்று குதிக்கும். நடுவில் கருப்பாக ஏதாவது இறங்கினால் தாது உருகாமல் வருகிறது, உலை குளிர்கிறது என்று அர்த்தம். அப்புறம் டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது.

குமரன்:
இப்போது நிலக்கரித் தூளை ஊதுகிறார்களே ஐயா?

பழைய ஃபோர்மன்:
ஆமாம் தம்பி, காற்றோடு சேர்த்து ஊதுவார்கள். சூட்டுக்கும் வாயுவுக்கும் அது போதும், கல்கரி கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் தூள் எப்படிச் சுமை தாங்கும்? முழுசாக நிறுத்த முடியாது.

தாமரை:
அப்படியென்றால் கார்பன் மோனாக்சைடுக்குப் பதில் ஹைட்ரஜனே ஆக்சிஜனைப் பறிக்கும் உலையில்? 2021இல் ஸ்வீடனில் லூலியோவில் செய்து காட்டினார்களே.

பழைய ஃபோர்மன்:
அங்கே கல்கரிக்கு வேலையே இல்லை. உலைக்குள் எதுவும் உருகுவதில்லை, தாது உருண்டைகள் திடமாகவே இறங்கிவரும். உருக்குவது பிறகு மின் உலையில்.